பிரவுசர்ஸ்டாக்கும் மறந்துபோன பழைய கணினியும்: இயந்திரத்தின் கடவுச்சொல்லை எங்கே வைப்பது?

2014-ம் வருடம் நவம்பர் 9-ம் தேதி பிரவுசர்ஸ்டாக் என்ற மும்பை நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் சிலருக்கு ஒரு மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது. நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்து வந்ததுபோலவே இருந்தது. கடையை மூடுகிறோம், இத்தனை நாள் உங்கள் விவரங்களை நாங்கள் சொன்ன அளவுக்குப் பத்திரமாக வைத்திருக்கவில்லை என்பது அதன் சாரம். படித்தவர்கள் பதறிப் போனார்கள். அந்த வருடம் ஜூன் மாதம்தான் கோட் ஸ்பேசஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் அமேசான் மேகக்கணினிக் கணக்குக்குள் யாரோ புகுந்து, பணம் கேட்டு மிரட்டி, கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போக, அந்த நிறுவனம் நிஜமாகவே மூடப்பட்டிருந்தது. ஆகவே இதையும் சட்டென்று பொய் என்று தள்ளிவிட முடியவில்லை.

ஆனால் மின்னஞ்சலை எழுதியது நிறுவனம் இல்லை. உள்ளே புகுந்த ஒரு ஆசாமி. நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி சுமார் 5,000 பேருக்கு அது போயிருந்தது. பதிவு செய்திருந்த மொத்தப் பேரில் 1 சதவீதத்துக்கும் குறைவு. எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் நம்பிக்கையை விற்றுப் பிழைக்கிற தொழிலில் 5,000 கடிதம் என்பது சின்ன விஷயமா என்ன?

பிரவுசர்ஸ்டாக் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடலாம். ஐ.ஐ.டி. பம்பாயில் படித்த ரித்தேஷ் அரோரா, நகுல் அகர்வால் என்ற இரண்டு பேர் 2011-ல் தொடங்கிய நிறுவனம். ஓர் இணையத்தளத்தைச் செய்து முடித்தால் அது குரோமில் ஒரு மாதிரியும், ஃபயர்பாக்ஸில் ஒரு மாதிரியும், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் ஒவ்வொரு பதிப்பிலும் ஒவ்வொரு மாதிரியும் தெரிந்த காலம் அது. இத்தனையையும் சோதிக்க ஒரு அறை நிறையக் கணினி வாங்கி அடுக்க எல்லோராலும் முடியுமா? அந்த அறையை இவர்கள் வைத்துக்கொண்டு, இணையத்தின் வழியே வாடகைக்கு விட்டார்கள். ஆள் உட்கார்ந்து சோதிக்கலாம். ஆள் இல்லாமல் நிரலே உலாவியைத் திறந்து, சொடுக்கி, தட்டச்சு செய்து, சரியாக வருகிறதா என்று பார்க்கவும் விடலாம். இரண்டாவது வகைக்குத்தான் தானியங்கிச் சோதனை என்று பெயர்.

இந்தத் தானியங்கிச் சோதனைக்கும் ஒரு பிறந்த கதை உண்டு. 2004-ல் சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர், ஊழியர்கள் வேலை நேரத்தையும் செலவுக் கணக்கையும் பதியும் ஒரு உள் மென்பொருளைச் சோதித்துக்கொண்டிருந்தார். தினமும் ஒரே மாதிரிச் சொடுக்கிச் சொடுக்கி அலுத்துப் போய், அந்த வேலையைச் செய்ய ஒரு நிரல் எழுதினார். பெயர் செலினியம். அப்போது இந்தத் துறையில் கொடிகட்டிப் பறந்த நிறுவனத்தின் பெயர் மெர்க்குரி. மெர்க்குரி என்றால் பாதரசம். பாதரச நஞ்சுக்கு முறிவு செலினியம் என்று சொல்வார்கள், அதனால் இந்தப் பெயர் என்பது அவரே சொன்ன வேடிக்கை. இன்று சென்னை ஓ.எம்.ஆர். சாலையிலோ பெங்களூரிலோ சோதனைப் பொறியாளர் வேலைக்கு வரும் விளம்பரங்களைப் பாருங்கள், பலவற்றில் செலினியம் என்ற சொல் இருக்கும். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கத்துக் கல்லூரிகளில் படித்துவிட்டு அங்கே போகிறவர்களுக்கு, பி.காம். முடித்தவர்கள் உட்பட, இது சோறு போடுகிற சொல்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பெரும்பாலான தளங்களில் உள்ளே நுழையக் கடவுச்சொல் வேண்டும். ஆளுக்குப் பதில் இயந்திரம் நுழைகிறது என்றால், அந்த இயந்திரத்துக்குக் கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருக்க வேண்டும் என்றால் எங்கேயாவது எழுதி வைத்திருக்க வேண்டும். எங்கே?

கடவுச்சொல்லை எழுதி வைப்பது எவ்வளவு ஆபத்து என்பது கணினி உலகம் பிறந்த கையோடு தெரிந்துகொண்ட பாடம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கார்பட்டோ தலைமையில் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை உருவாக்கினார்கள். ஒரே கணினியைப் பலர் பங்குபோட்டுப் பயன்படுத்தும் ஏற்பாடு. ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். 1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. என்ன செய்தார் தெரியுமா? துளை அட்டையில் கோப்பின் பெயரைக் கொடுத்து, அச்சடித்துத் தரும்படி கேட்டார். கணினியும் சமர்த்தாக அச்சடித்துக் கொடுத்துவிட்டது! பல பேர் கணக்கில் நுழைந்து தன் வேலையை முடித்துக்கொண்டார். பழி தன்மேல் மட்டும் விழக்கூடாது என்று அந்தப் பட்டியலை வேறு சிலருக்கும் கொடுத்தார். இந்தக் கதையை அவர் வெளியே சொன்னது சுமார் 25 வருடம் கழித்துத்தான்.

1966-ல் அதே அமைப்பில் இன்னொரு கூத்து. கோப்பைத் திருத்தும் மென்பொருள் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரைத்தான் வைக்கும். ஒரே நேரத்தில் இரண்டு நிர்வாகிகள் வேலை செய்ய, கடவுச்சொல் கோப்பும், எல்லோரும் நுழைந்தவுடன் பார்க்கிற அன்றைய அறிவிப்பும் இடம் மாறிவிட்டன. அன்று கணினியைத் திறந்தவர்களுக்கெல்லாம் மொத்தக் கடவுச்சொல் பட்டியலும் தரிசனம் கொடுத்தது. யாரும் திருடவில்லை, யாரும் உடைக்கவில்லை, தானாகவே வெளியே வந்துவிட்டது. 1991-ல் ட்யூரிங் விருது உரையில் கார்பட்டோவே இதை விவரித்தார்.

இதற்கு மருந்து கண்டவர்கள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரோஜர் நீடம், மைக்கேல் கை. 1960களில் டைட்டன் என்ற கணினிக்காக அவர்கள் செய்த யோசனை எளிமையானது. கடவுச்சொல்லை வைத்திருக்கவே வேண்டாம். அதை அரைத்து வைத்துக்கொள்வோம். மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது அல்லவா? நாளை ஒருவர் வந்து கடவுச்சொல்லைச் சொன்னால் அதையும் அரைத்துப் பார்ப்போம், இரண்டு மாவும் ஒன்றாக இருந்தால் உள்ளே விடுவோம். 1979-ல் பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் இருவரும் யுனிக்ஸில் இதை எப்படிச் செய்தார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒவ்வொருவர் கடவுச்சொல்லோடும் ஏதோ ஒரு எண்ணை உப்பு மாதிரிச் சேர்த்து அரைப்பது அதில் வருகிறது. ஒரே கடவுச்சொல்லை இரண்டு பேர் வைத்திருந்தாலும் மாவு வேறு வேறாக இருக்கும். 1999-ல் வந்த பிகிரிப்ட் இதே வழியில் இன்னும் மெதுவாக அரைக்கும் எந்திரம். மெதுவாக அரைப்பது எதற்கு என்றால், திருடன் கோடிக்கணக்கான சொற்களை ஒவ்வொன்றாக அரைத்து ஒப்பிட்டுப் பார்க்க யுகம் ஆகட்டும் என்றுதான்.

இத்தோடு பிரச்சினை முடிந்தது என்று நினைத்தால் அதுதான் இல்லை. அரைத்து வைப்பது காவல்காரனுக்குத்தான் உதவும், உள்ளே போக வேண்டியவனுக்கு உதவாது. வாசலில் நிற்பவர் மாவை ஒப்பிட்டால் போதும். உள்ளே போகிறவர் அரிசியைக் கொண்டுவந்தே ஆக வேண்டும். சோதனை செய்யும் நிரல் உள்ளே போகிறவர். தரவுத்தளத்தோடு பேசும் நிரலும் அப்படியே. இவற்றுக்கு மூலச் சொல்லே கையில் வேண்டும். மனிதர்களின் கடவுச்சொல்லைக் காப்பாற்ற 1960களிலேயே வழி கண்டாயிற்று. இயந்திரங்களின் கடவுச்சொல்லுக்கு அந்த வழி செல்லாது. பிரவுசர்ஸ்டாக் கதை முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

அந்த ஆசாமி உள்ளே வந்தது எப்படி என்று நிறுவனமே பிறகு விரிவாக எழுதியது. 2012-க்கு முன்னால் ஒரு மாதிரி முயற்சிக்காக ஓடவிட்ட கணினி ஒன்று அமேசான் மேகத்தில் இருந்தது. வேலை முடிந்தது, ஆட்கள் மறந்துபோனார்கள். ஆனால் யாரும் அணைக்கவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. புழக்கத்தில் இல்லாததால் யாரும் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்களைப் போடவும் இல்லை.

2014 செப்டம்பர் 24-ம் தேதி ஷெல்ஷாக் என்ற ஓட்டை உலகத்துக்குத் தெரிய வந்தது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் பாஷ் என்ற மென்பொருளில் ஸ்டெஃபான் ஷாசலாஸ் என்பவர் கண்டுபிடித்த ஓட்டை. 1989 முதலே அது அங்கே இருந்திருக்கிறது. கால் நூற்றாண்டு! ஒரு நிரல் இன்னொரு நிரலை ஓடவிடும்போது சில தகவல்களைச் சூழல் மாறிகள் என்ற சின்னச் சின்னச் சீட்டுகளில் எழுதிக் கொடுத்தனுப்பும். பாஷ் அந்தச் சீட்டைப் படிக்கும்போது, தகவலுக்குப் பின்னால் யாராவது ஒரு கட்டளையை ஒட்டி வைத்திருந்தால் அதையும் நிறைவேற்றிவிடும். சில இணைய வழங்கிகள், வருகிற உலாவி தன் பெயர் என்னவென்று சொல்கிறதோ அதையும் இப்படி ஒரு சீட்டில் எழுதிவைக்கும். ஆகவே தன் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் கட்டளையைச் சொன்னால் முடிந்தது கதை. உலாவிகளைச் சோதிக்கிற நிறுவனத்துக்கு வந்த ஆபத்து இந்த வகை ஓட்டையில் வந்தது கொஞ்சம் கொடுமைதான்.

அந்தப் பழைய கணினியில் ஷெல்ஷாக் இருந்தது. அதைவிட முக்கியம், அதற்குள்ளே நிறுவனத்தின் அமேசான் கணக்குக்கான சாவிகள் இருந்தன. சாவியை எடுத்தவர் அதை வைத்துப் புதிதாக ஒரு பயனரை உருவாக்கிக்கொண்டார். நிறுவனத்தின் கணக்கிலேயே புதிய கணினி ஒன்றை ஓடவிட்டார். பழைய காப்புப் பிரதி வட்டு ஒன்றை அதில் மாட்டினார். அந்த வட்டில் ஒரு அமைப்புக் கோப்பு. அதில் தரவுத்தளத்தின் கடவுச்சொல். அப்படியே, படிக்கிற மாதிரி. தன் முகவரியைத் தரவுத்தளத்தின் அனுமதிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, பயனர் விவரம் இருக்கிற அட்டவணையைப் பிரதி எடுக்க ஆரம்பித்தார்.

பிரதி எடுத்த வேகத்தில் அட்டவணை பூட்டிக்கொண்டது. அது எச்சரிக்கை மணியை அடித்தது. ஊழியர்கள் பதிவேட்டைப் பார்த்து, தெரியாத முகவரி ஒன்று உள்ளே இருப்பதைக் கண்டு உடனே தடுத்தார்கள். அதற்குள் ஒரு பகுதி போய்விட்டது. மின்னஞ்சல் முகவரிகள், கடைசியாகச் சோதித்த தள முகவரிகள், அரைத்து வைத்த கடவுச்சொற்கள். மின்னஞ்சல் அனுப்பும் சேவையின் சாவியும் கையில் இருந்ததால் அந்த ஆசாமி கடையை மூடுகிறோம் கடிதத்தையும் அனுப்பிவிட்டார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள் உப்புச் சேர்த்து பிகிரிப்டில் அரைத்து வைக்கப்பட்டிருந்தன. அட்டவணை போனாலும் அவற்றை உடைப்பது பெரும்பாடு. அதே நிறுவனத்தில், அதே நாளில், தரவுத்தளத்தின் கடவுச்சொல் ஒரு கோப்பில் திறந்து கிடந்தது. மனிதர்களின் கடவுச்சொல்லுக்குப் பாதுகாப்பு முறையாக இருந்தது. இயந்திரத்தின் கடவுச்சொல்தான் அனாதையாக இருந்தது. இத்தனைக்கும் அவர்கள் அசட்டை ஆட்கள் இல்லை. அன்றைக்கு ஊரெல்லாம் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை பக்கம் பட்டாசு ஆலைகளை வெளியிலிருந்தாவது பார்த்தவர்களுக்கு இந்தக் கதை வேறு மாதிரிப் புரியும். அங்கே ஒரே பெரிய கட்டடமாக எதுவும் இருக்காது. பொட்டல் காட்டில் சின்னச் சின்ன அறைகள் இடைவெளி விட்டு நிற்கும். மருந்து கலக்கிற அறை தனி, மருந்து செலுத்துகிற அறை தனி, காயப்போடும் இடம் தனி, செய்து முடித்ததை வைக்கும் மேகசின் தனி. எந்த அறைக்குள் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதற்கு 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்கீழ் வந்த விதிகள் உண்டு. இப்போது நடப்பில் இருப்பவை 2008-ம் ஆண்டு விதிகள். உரிமமும் அளவுக்குத் தக்கபடிதான். நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று ஊரில் பேசிக்கொள்வது இதைத்தான்.

இந்த விதிகள் விபத்தே நடக்காது என்று நம்பி எழுதப்பட்டவை அல்ல. மருந்து என்றால் உராய்வு ஏற்பட்டால் வெடிக்கத்தான் செய்யும். வெடித்தால் அந்த ஒரு அறையோடு போகட்டும், அடுத்த அறைக்குத் தாவ வேண்டாம் என்பதுதான் கணக்கு. அந்தப் பகுதியில் நடந்த மோசமான விபத்துகளுக்குப் பிறகு வருகிற செய்திகளில் திரும்பத் திரும்ப ஒரே காரணங்கள் இருப்பதைப் பார்க்கலாம். அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து, அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள், உரிமம் ஒருவர் பெயரில் இருக்க அறைகளை உள்குத்தகைக்கு விட்டு வேறு பலர் வேலை செய்வது. கணினிப் பாதுகாப்புத் துறையில் ஒரு சாவி தொலைந்தால் எவ்வளவு தூரம் நாசம் பரவும் என்பதற்குப் பிளாஸ்ட் ரேடியஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வெடித்தால் எட்டும் தூரம்! பிரவுசர்ஸ்டாக்கின் பழைய கணினி, வேலை நின்றுபோன அறையில் மிச்சம் கிடந்த மருந்து. அதன் வெடிப்பு எட்டிய தூரமோ மொத்த ஆலை.

சம்பவத்துக்குப் பிறகு நிறுவனம் பழைய சாவிகள், கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் ரத்து செய்து புதியவை போட்டது. காப்புப் பிரதிகளை மறையாக்கம் செய்வது, கணினிகளைத் தனி வலையமைப்புக்குள் கொண்டுபோவது, வெளியாரை வைத்துத் தணிக்கை செய்வது என்று பட்டியல் நீண்டது. புழக்கத்தில் இல்லாத கணினியை நிறுத்தியிருக்க வேண்டும், அதில் சாவி இருந்திருக்கக் கூடாது என்று அவர்களே எழுதினார்கள். இந்தியாவில் நிறுவனங்கள் இப்படி வெளிப்படையாக எழுதுவது அபூர்வம். மழுப்பியிருந்தால் இன்று யாருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்காது, பாராட்டத்தான் வேண்டும். நிறுவனம் மூழ்கவும் இல்லை. 2021 ஜூனில் அதன் மதிப்பு 400 கோடி டாலர் என்று கணக்கிட்டு முதலீடு வந்தது.

சரி, இயந்திரத்தின் கடவுச்சொல்லை வேறு எங்கேதான் வைப்பது? நிரலுக்குள்ளேயே எழுதுவது முதல் வழி, மிக மோசமான வழி. நிரலைப் பகிரும்போது கடவுச்சொல்லும் கூடவே போகும். 2016-ல் ஊபர் நிறுவனத்தின் தனிப்பட்ட நிரல் களஞ்சியத்துக்குள் புகுந்தவர்கள் அங்கே கிடந்த அமேசான் சாவியை எடுத்து, 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்களைக் கொண்டுபோனார்கள். 2011-ல் ஹீரோகு நிறுவனத்தின் ஆடம் விக்கின்ஸ் ஒரு யோசனை சொன்னார். உங்கள் நிரலை இந்த நிமிடமே ஊருக்குத் திறந்துவிட்டால் ஏதாவது ரகசியம் வெளியே போகுமா? போகும் என்றால் நீங்கள் தவறான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். ரகசியங்களைச் சூழல் மாறிகளில் வையுங்கள் என்றார். ஆமாம், மேலே சொன்ன அதே சீட்டுகள்தான். நிரலுக்குள் எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் சீட்டை நிரல் பெற்ற பிள்ளை நிரல்களும் படிக்கும், பிழை அறிக்கைகளிலும் அது விழுந்து கிடக்கும்.

2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் டாக்கரை அறிமுகப்படுத்தினார். ஒரு நிரலையும் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து எந்தக் கணினியிலும் இறக்கி ஓடவிடும் முறை. தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னர் இறங்குவதைப் பார்த்திருந்தால் பெயர்க் காரணம் புரியும். உலாவிச் சோதனைக்கு இது வரப்பிரசாதம். குரோம் வேண்டுமா, ஒரு பெட்டி. ஃபயர்பாக்ஸ் வேண்டுமா, இன்னொரு பெட்டி. சோதனை முடிந்ததும் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடலாம்.

ஆனால் டாக்கர் பெட்டி அடுக்கடுக்காகக் கட்டப்படுவது. ஒரு அடுக்கில் கடவுச்சொல் கோப்பைப் போட்டு, அடுத்த அடுக்கில் அழித்துவிட்டால், மேலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குத்தான் தெரியாது. கீழ் அடுக்கில் அது பத்திரமாக இருக்கும். சுவரில் எழுதியதன்மேல் வெள்ளை அடித்த மாதிரி. கட்டும்போது கொடுத்த மாறிகளும் பெட்டியின் வரலாற்றில் பதிந்துவிடும். இந்தப் பெட்டியைப் பொதுக் கிடங்கில் வைத்தால் ஊரே எடுத்துப் பார்க்கலாம். 2023-ல் ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் லட்சக்கணக்கான பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து, 8.5 சதவீதத்தில் ஏதாவது ஒரு ரகசியம் சிக்கியதாக எழுதினார்கள்.

2017 ஜனவரியில் டாக்கரே இதற்கென ஒரு வசதியைக் கொடுத்தது. ரகசியத்தைப் பெட்டிக்குள் வைக்காமல் தனியே மறையாக்கம் செய்து வைத்திருக்கும். பெட்டி ஓடும்போது மட்டும், அதுவும் கேட்ட பெட்டிக்கு மட்டும், நினைவகத்தில் ஒரு கோப்பாகக் காட்டும். பெட்டி நின்றால் அதுவும் போயிற்று. 2018 கடைசியில், பெட்டியைக் கட்டும் நேரத்துக்கு மட்டும் ரகசியத்தைக் கொடுத்து, எந்த அடுக்கிலும் பதியாமல் எடுத்துக்கொள்ளும் வழியும் வந்தது.

2015-ல் ஹாஷிகார்ப் நிறுவனம் வெளியிட்ட வால்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. ரகசியங்களுக்கென்றே ஒரு பெட்டகம், யார் எப்போது எதை எடுத்தார்கள் என்று பதிவேடு, கேட்கும்போது மட்டும் புதிதாகச் செய்து கொடுத்துச் சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும் கடவுச்சொற்கள். பெட்டகத்தைத் திறக்கும் சாவியை ஒரே ஆளிடம் கொடுப்பதில்லை. வழக்கமாக ஐந்து துண்டாக்கி ஐந்து பேரிடம் கொடுப்பார்கள். மூன்று பேர் சேர்ந்தால்தான் திறக்கும். வங்கிப் பெட்டக அறையை இரண்டு அதிகாரிகள் சேர்ந்து இரண்டு சாவி போட்டுத் திறப்பது தெரிந்ததுதானே, அதே தத்துவம். இந்தத் துண்டாக்கும் கணக்கைக் கண்டுபிடித்தவர் அடி ஷமீர். அது வெளிவந்தது 1979 நவம்பர் மாத கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏ.சி.எம். இதழில். மாரிஸும் தாம்சனும் உப்புக் கதை எழுதியதும் அதே இதழ்தான்! ஒரே மாத இதழில் மனிதர் கடவுச்சொல்லுக்கும் வழி இருந்திருக்கிறது, இயந்திரப் பெட்டகத்துக்கும் வழி இருந்திருக்கிறது. இரண்டாவதை எல்லோரும் கையில் எடுக்க முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று.

பெட்டகம் வந்தும் கதை முடியவில்லை. 2021-ல் நடந்த கோட்கோவ் சம்பவத்தைப் பாருங்கள். சோதனைகள் நிரலின் எவ்வளவு பகுதியைத் தொட்டன என்று அளந்து சொல்லும் சேவை அது. அவர்களுடைய டாக்கர் பெட்டி ஒன்றைக் கட்டியதில் இருந்த பிழையால் ஒரு சாவி வெளியே கசிந்தது. அதை எடுத்தவர்கள், வாடிக்கையாளர்கள் தங்கள் சோதனைக் கணினிகளில் ஓட்டுகிற சிறு நிரலில் கைவைத்தார்கள். ஜனவரி 31 முதல் அந்த நிரல் ஓடும் இடத்திலுள்ள சூழல் மாறிகள் எல்லாவற்றையும் வாரித் திருடர்களின் வழங்கிக்கு அனுப்பியது. ஏப்ரல் 1 வரை யாருக்கும் தெரியாது. ஒரு வாடிக்கையாளர் மட்டும், இறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணும் தளத்தில் போட்டிருந்த எண்ணும் ஒத்துப்போகவில்லையே என்று கேட்டார். பேரேட்டை ஒப்பிட்டுப் பார்க்கும் குமாஸ்தா புத்தி! அதனால்தான் பிடிபட்டது. இதில் அடிபட்டவர்களில் ஹாஷிகார்ப்பும் ஒன்று. தங்கள் மென்பொருள்களுக்கு முத்திரை குத்தும் சாவியை அவர்கள் மாற்ற வேண்டியதாயிற்று. பெட்டகம் செய்து விற்கிறவர் வீட்டுச் சாவியே வெளியே போனது.

2023 ஜனவரியில் சர்க்கிள்சிஐ என்ற தானியங்கிச் சோதனைச் சேவை, எங்களிடம் வைத்திருக்கும் எல்லா ரகசியங்களையும் உடனே மாற்றிவிடுங்கள் என்று மொத்த வாடிக்கையாளர்களுக்கும் சொன்னது. ஒரு பொறியாளரின் மடிக்கணினியில் புகுந்த தீநிரலில் தொடங்கியது அது.

வணிகவியல் படித்தவர்களுக்குத் தெரிந்த முன்பண மீட்பு முறைதான் இன்று சோதனைத் துறை போய்ச் சேர்ந்திருக்கும் இடத்துக்கு மிக அருகில் இருக்கிறது. சில்லறைச் செலவுக்காரரிடம் கல்லாப்பெட்டியைத் தூக்கிக் கொடுப்பதில்லை. வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை கொடுத்து, ரசீது காட்டினால் செலவழித்ததை மட்டும் திரும்ப நிரப்புவோம். தொலைந்தால் அந்தத் தொகையோடு நஷ்டம் முடியும். அதேபோல, சோதனை நிரலுக்கு நிஜ வாடிக்கையாளர் கணக்கையோ நிர்வாகியின் கணக்கையோ கொடுக்காமல், சோதனைத் தளத்தில் மட்டும் செல்லும் ஒரு போலிக் கணக்கு. அதற்குக் குறைந்த உரிமைகள். முடிந்தால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிதாகச் செய்து முடிந்ததும் அழித்துவிடுவது. 2021 முதல் கிட்ஹப் போன்ற சேவைகளில் நீண்டநாள் சாவியே வைக்காமல், ஓடுகிற வேலை தன் அடையாளத்தைக் காட்டிக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் அனுமதிச் சீட்டு வாங்கும் வசதியும் இருக்கிறது.

உலாவிச் சோதனைக்கே உரிய சில ஓட்டைகள் உண்டு, அவை பெட்டகத்துக்குக் கட்டுப்படாதவை. கடவுச்சொல்லைப் பத்திரமாக எடுத்து வந்த நிரல் அதை உலாவியில் தட்டச்சு செய்கிறது. விரிவான பதிவேடு எழுதச் சொல்லி வைத்திருந்தால், தட்டிய எழுத்துகள் அப்படியே அதில் விழும். சோதனை தோற்றால் திரையைப் படமெடுத்து வைக்கும் வழக்கம் உண்டு, அந்தப் படத்தில் என்னென்ன இருக்குமோ! பிளேரைட் போன்ற 2020-க்குப் பிந்தைய கருவிகளில், ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டு அந்த நிலையை ஒரு கோப்பில் சேமித்து அடுத்த சோதனைகளுக்குப் பயன்படுத்தலாம். வசதிதான். ஆனால் அந்தக் கோப்பு கையில் இருந்தால் கடவுச்சொல்லே தேவையில்லை. அதனால்தான் அதை நிரல் களஞ்சியத்தில் சேர்க்காதீர்கள் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது.

செலினியம் குழுவினர் வெளியிடும் டாக்கர் பெட்டிகளில், உள்ளே உலாவி என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தூரத்திலிருந்து எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் உண்டு. அந்த ஜன்னலுக்கும் ஒரு கடவுச்சொல் உண்டு. நாமாக மாற்றாதவரை, உலகம் முழுக்க எந்தக் கணினியில் அந்தப் பெட்டியை இறக்கினாலும் கடவுச்சொல் ஒன்றேதான், கையேட்டிலேயே அச்சடித்துப் போட்டிருக்கிறார்கள். 'சீக்ரெட்'.